உப்புத் தண்ணீர் நீச்சல் குளத்தில் பிள்ளைகளை இறக்கலாமா?

அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். முழுப்பரீட்சை லீவுக்கு ஈ.சி.ஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்கப் போகிறார்கள். கணவர், மாமியார், எட்டு வயது மகள், நாலு வயது மகன். ரிசார்ட்டில் போன் எடுத்தவர், "எங்களோடது சால்ட் வாட்டர் பூல் மேடம், குளோரினே கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். அது கடல் தண்ணீரா? கண் எரியுமா? மகளுக்குத் தோலில் கரப்பான் (எக்ஸிமா) தொல்லை உண்டே, தாங்குமா? மாமியாருக்கு பி.பி., உப்புத் தண்ணீரில் இறங்கலாமா? உப்புத் தண்ணீர் என்றால் நீச்சல் தெரியாதவர்களும் மிதக்கலாம் என்கிறார்களே, நிஜமா?

தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். ஆனால் போனில் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். அது கடல் தண்ணீர் இல்லை. குளோரின் உண்டு. மிதக்க எல்லாம் முடியாது. நீச்சல் குளங்களுக்கு பில்டரும் மெஷினும் பொருத்துவதும், பிறகு அவற்றைப் பார்த்துக்கொள்வதும் என் தொழில். கோவளத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே இருக்கிற குளங்களில்தான் என் வேலை பெரும்பாலும் ஓடுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் உப்புக் கணக்கு. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. இந்த மாதிரிக் குளத்தில் லிட்டருக்கு 3 முதல் 4 கிராம்தான், அதாவது கடலில் பத்தில் ஒரு பங்கு. நம் கண்ணீரிலேயே லிட்டருக்கு 9 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. ஆக, குளத்துத் தண்ணீர் கண்ணீரைவிடக் கரிப்புக் குறைந்தது. வாயில் பட்டால் லேசாக ஏதோ ருசி தெரியும், அவ்வளவுதான். சிலருக்கு அதுவும் தெரியாது. ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் நடுத்தரக் குளத்துக்கு முதல் தடவை 350 கிலோ உப்பு, ஐம்பது கிலோ மூட்டையில் ஏழு மூட்டை கொட்டுவோம். அதே குளத்தைக் கடல் தண்ணீர் மாதிரி ஆக்க வேண்டுமென்றால் எழுபது மூட்டை வேண்டும்.

அந்த உப்பு எதற்கு? குளோரின் தயாரிக்கத்தான். பம்ப் அறையில், பில்டருக்குப் பிறகு வருகிற குழாயில் ஒரு 'செல்' மாட்டியிருப்பார்கள். உள்ளே டைட்டானியத் தகடுகள், அவற்றின் மேல் ருத்தேனியம் அல்லது இரிடியம் ஆக்ஸைடு பூச்சு. உப்புத் தண்ணீர் அந்தத் தகடுகளுக்கு நடுவே ஓடும்போது மின்சாரம் பாய்ச்சினால் ஒரு தகட்டில் குளோரின் வரும், எதிர்த் தகட்டில் ஹைட்ரஜன் வரும். குளோரின் அங்கேயே தண்ணீரில் கரைந்து கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிவிடும். வேலை முடிந்ததும் அது மறுபடி குளோரைடாகி, உப்பாகவே தண்ணீரில் நிற்கும். அதனால்தான் உப்பு தீர்ந்துபோவதில்லை. பிள்ளைகள் அடித்துத் தெறிக்கிற தண்ணீரோடும், பில்டரில் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவும்போதும், மழையில் வழிந்தும்தான் உப்பு வெளியே போகும்.

சரி, இதிலும் குளோரின்தான் என்றால் என்ன வித்தியாசம்? சாதாரணக் குளத்தில் வேலைக்காரர் சாயங்காலம் ஒரு வாளியில் குளோரின் பவுடரைக் கரைத்து ஊற்றுவார். ஊற்றின இடத்தில் ஒரு நேரம் அதிகம், மறுநாள் மத்தியானத்துக்குள் ஒன்றும் இல்லை. உப்புக் குளத்தில் பம்ப் ஓடுகிற நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். இரண்டிலும் இருக்க வேண்டிய அளவு ஒன்றுதான், 1 முதல் 3 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக இருப்பதுதான் உப்புக் குளத்தின் சுகம். மெரினா நீச்சல் குளத்திலோ அபார்ட்மெண்ட் குளத்திலோ பழகினவர்கள் இதில் இறங்கினால் அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், முதலில் மூக்குக்கு. படியில் கால் வைக்கும்போதே அடிக்கிற அந்த ஆஸ்பத்திரி நெடி இருக்காது. தண்ணீர் தோலில் கொஞ்சம் வழவழப்பாகப் படும். தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்தால் சுருக்கென்று குத்தாது. கடலில் குளித்தால் காய்ந்ததும் முதுகில் உப்பு பூத்துப் பிசுபிசுக்குமே, அது இதில் இருக்காது. வெளியே வந்து ஒரு மணி நேரம் டவலைச் சுற்றிக்கொண்டு பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் உடம்பு அரிக்காது. குளத்தின் பக்கச் சுவரில் தண்ணீர் உள்ளே வருகிற துவாரத்தைக் கவனியுங்கள். மெஷின் ஓடும்போது அங்கே பால் கலந்த மாதிரி மிகப் பொடியான குமிழிகள் புகைபோலக் கிளம்பும். பிள்ளைகள் அதில் கையை வைத்து விளையாடுவார்கள். "ஏதோ கெமிக்கல் வருது" என்று சில அம்மாக்கள் பயந்து இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அது நான் சொன்ன ஹைட்ரஜன்தான். திறந்தவெளிக் குளத்தில் ஒன்றும் செய்யாது. அது வருகிறது என்றால் மெஷின் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கண் எரிச்சலுக்கு வருவோம். குளத்தில் கண் சிவப்பதற்குப் பெரும்பாலும் காரணம் குளோரின் அதிகமாவது இல்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமின் என்ற ஒன்று உண்டாகிறது. கண்ணை உறுத்துவதும் அதுதான், நெடி அடிப்பதும் அதுதான். "நல்லா குளோரின் வாசனை வருது, சுத்தமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். வாசனை வருகிற குளத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் வேலையைக் காட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். உப்புக் குளத்திலும் குளோரமின் உண்டாகும். உப்பு அதைத் தடுக்காது. இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் ஷவரில் நின்றாலே வியர்வையும் அழுக்கும் பெருமளவு போய்விடும். பிள்ளைகளை முதலில் டாய்லெட்டுக்கு அனுப்பிவிட்டு இறக்குங்கள். நாலு வயதுப் பையனை முக்கால் மணிக்கு ஒரு தடவை வெளியே எடுத்துக் கேளுங்கள். அவனாகச் சொல்ல மாட்டான்.

குளித்த சிவப்பு சில மணி நேரத்தில் தானாகப் போய்விடும். மறுநாள் காலை இமை பீளையில் ஒட்டிக்கொண்டு, தண்ணீராக வழிந்தால் அது வேறு. மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்கிற கண் நோய்க்குக் காரணமான அடினோவைரஸ், குளோரின் குறைந்த குளத்தில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வரலாம். அந்த அறிகுறி இருந்தால் பிள்ளையைக் குளத்தில் இறக்காமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களோ கணவரோ காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் என்றால் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிற அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியையே புண்ணாக்கும். அதில் உப்புக் குளம், நல்ல தண்ணீர்க் குளம் என்ற பேதம் கிடையாது.

மகளின் கரப்பான் பற்றி. தோல் டாக்டர் நீச்சலே கூடாது என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னதைத்தான் கேட்க வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால், சரியாகப் பராமரிக்கிற உப்புக் குளத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பிரச்சினை இல்லாமல் குளிக்கிறார்கள். வெடித்தோ கசிந்தோ இருக்கிற இடத்தில் குளத்துத் தண்ணீர் பட்டால் எரியலாம். அந்த மாதிரி இருக்கிற நாளில் வேண்டாம். குளத்தில் இறங்குவதற்கு முன்னால் டாக்டர் கொடுத்த கிரீமை மெல்லிசாகத் தடவுங்கள். அரை மணி, முக்கால் மணிக்குமேல் ஊறவிட வேண்டாம். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் குளிக்கவைத்து, டவலால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மறுபடி கிரீம். உப்புத் தண்ணீர் கரப்பானைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்கிற இடங்களை நம்ப வேண்டாம். சவக்கடலில் போய்க் குளிப்பது வேறு கதை. அங்கே லிட்டருக்கு 340 கிராம் உப்பு, அதுவும் வேறு வகை உப்புகள்.

தலைமுடிக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. இறங்குவதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் தலையை முழுக்க நனைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஈரமாக இருக்கிற முடி குளத்துத் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. பிறகு தொப்பி. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கினால் முடிக்கு நல்லது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். எங்கள் பாடு அதில் திண்டாட்டம். ஒரு பஸ் நிறைய டூர் வந்தவர்கள் எண்ணெய்த் தலையோடு இறங்கி ஏறினால், சாயங்காலம் டைல்ஸ் ஓரம் முழுக்க விரல் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு படிந்திருக்கும். அதைக் கையால்தான் தேய்த்து எடுக்க வேண்டும். கிருமிக்காக வைத்திருக்கிற குளோரினையும் அந்த எண்ணெய் தின்றுவிடும்.

நகை சமாச்சாரம் நம் ஊருக்கு முக்கியம். மகள் காலில் வெள்ளிக் கொலுசு இருந்தால் ரூமிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். குளோரினும் உப்பும் சேர்ந்தால் வெள்ளி ஒரே நாளில் மங்கிக் கறுக்க ஆரம்பிக்கும். கவரிங் நகை பூச்சு போய்ச் செம்பு பல்லிளிக்கும். 22 காரட் தாலிச் சங்கிலிக்கு ஒரு நாள் குளியலில் ஒன்றும் ஆகாது. ஆனால் தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவுவது சாதாரணமாக நடக்கிறது. பம்ப்புக்கு முன்னால் இருக்கிற வடிகூடையைக் கழுவும்போது எங்களுக்குக் கிடைக்கிற கம்மல் திருகாணிகளைச் சேர்த்தால் ஒரு சின்ன டப்பா நிறையும்.

போகிற வழியில் திருப்போரூரில் பையனுக்கு மொட்டை போட்டு, காதும் குத்தி, அப்படியே ரிசார்ட்டுக்குப் போவதாக இருந்தால் அன்றைக்கு அவனைக் குளத்தில் இறக்காதீர்கள். கத்தி பட்ட இடமெல்லாம் குளத்துத் தண்ணீரில் எரியலாம், தலையில் சந்தனம் பூசியிருந்தால் அதுவும் கரையும். எரிச்சலாவது அழுது ஓய்ந்துவிடும், புதிதாகக் குத்தின காது சீழ் பிடித்தால்தான் வம்பு. காது நன்றாக ஆறின பிறகுதான் குளம். வயிற்றுப்போக்கு இருந்த பிள்ளையையும் அப்படியே நிறுத்துங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாதாரண அளவுக் குளோரினில் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். அது ஒரு பிள்ளையிடமிருந்து குளத்தில் இருக்கிற எல்லாருக்கும் போகும்.

மாமியாருக்கு பயம் வேண்டாம். உப்பு தோல் வழியாக உடம்புக்குள் போவதில்லை. குளிக்கும்போது பிள்ளைகள்தான் அதிகம் விழுங்குவார்கள். ஒரு முக்கால் மணி நேரக் குளியலில் பிள்ளைகள் சராசரியாக 37 மில்லி விழுங்குவதாக அளந்து பார்த்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் 0.13 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற ஒரு நாள் அளவு 5 கிராமுக்குள். அன்று மத்தியானம் பஃபேயில் எடுத்துக்கொள்கிற ஊறுகாயில் இதைவிடக் கூடுதலாக இருக்கும். அவருக்கு உண்மையில் ஆபத்து வழுக்கல்தான். குளத்தைச் சுற்றிய தரை ஈரம் பட்டதும் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிற இடங்கள் உண்டு. கைப்பிடி இருக்கிற படியில் இறங்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் இருங்கள். புடவையோடு இறங்க விடமாட்டார்கள். நூல் பிரிந்து பில்டரில் அடைக்கும் என்பது எங்கள் காரணம். ஆனால் ஐந்தரை கஜம் ஈரப் புடவை காலைச் சுற்றிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவர்களே தடுமாறுவார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். முழங்கால் வரை வருகிற லெகிங்ஸும் முழுக்கை நைலான் சட்டையும் பெரும்பாலான இடங்களில் சரி என்பார்கள். அதுவும் பிடிக்காவிட்டால் குட்டிக் குளத்தின் படியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும்.

இப்போது மிதப்பது. இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ எடை. கடல் தண்ணீர் அதைவிட 25 கிராம் அதிகம், அதனால் கடலில் உடம்பு கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். உப்புக் குளத்துத் தண்ணீர் லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம்தான் அதிகம். அதில் எந்த உடம்பும் கூடுதலாக மிதக்காது. சாதாரணக் குளத்தில் முழுகுகிறவர் இதிலும் அப்படியே முழுகுவார். "உப்புத் தண்ணீர்தானே, தூக்கிவிடும்" என்று நினைத்து நாலு அடி ஆழத்தில் நின்றுகொண்டிருக்கிறவர் இரண்டு எட்டு பின்னால் வைத்தால், தரை சரிந்து ஐந்தரை அடிக்குப் போகிற குளங்கள் ஈ.சி.ஆரில் நிறைய இருக்கின்றன. ஆழத்தைச் சுவரில் எழுதியிருப்பார்கள். சரிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று எழுதியிருக்க மாட்டார்கள். நீங்கள் இறங்கினதும் ஓரக் கம்பியையோ சுவரையோ பிடித்துக்கொண்டு ஒரு தடவை குளத்தைச் சுற்றி வந்து, காலால் அந்த இடத்தைக் கண்டுபிடித்து வையுங்கள்.

பிள்ளை மூழ்கும்போது சத்தம் போடும், கையைக் காலை அடிக்கும், நாம் ஓடிப் போய்த் தூக்கிவிடலாம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது கத்துவதற்கு மூச்சு இருக்காது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டு, பிள்ளை நிமிர்ந்தபடியே நிற்பது மாதிரி இருக்கும். பார்க்கிறவருக்கு விளையாடுகிறான் என்றுதான் தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குடும்பமாக வருகிறவர்களிடம் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சித்தப்பா, அத்தை, மாமா என்று பத்துப் பேர் சுற்றி இருப்பார்கள். பையனை அவர் பார்க்கிறார் என்று இவரும், இவர் பார்க்கிறார் என்று அவரும் இருப்பார்கள். அதனால் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்: "இந்த அரை மணி நேரம் நீங்க பாருங்க, போன் என்கிட்ட இருக்கட்டும்." நாலு வயதுப் பிள்ளைக்குக் கை எட்டுகிற தூரத்தில் ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கையில் மாட்டுகிற காற்றுப் பட்டையும் வாத்து டியூபும் விளையாட்டுச் சாமான்தான். கழன்றுவிடும், கவிழ்ந்துவிடும். குளத்தோரம் விசிலோடு நிற்கிற பையனை லைப் கார்டு என்று எண்ணிவிட வேண்டாம். டவல் கொடுப்பதும் இலை பொறுக்குவதும் அவன் வேலை என்று சொல்லிச் சேர்த்திருப்பார்கள், பல இடங்களில் அவனுக்கே நீச்சல் தெரியாது. கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வான்.

இவ்வளவு சொன்னாலும், கடலைவிடக் குளம் எவ்வளவோ மேல். நம் கடற்கரையில் அலை பின்வாங்கும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். மெரினாவில் குளிக்கவே தடை போட்டிருக்கிறார்கள். ரிசார்ட்டின் பின்கதவு கடலுக்குத் திறக்கிறது என்றால் பிள்ளைகள் விஷயத்தில் அந்தக் கதவின் மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

ஈ.சி.ஆர். குளங்களுக்கென்று சில விசேஷங்கள் உண்டு. போகிற வழியில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைப் பார்ப்பீர்கள். 2013இல் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் என்று தொடங்கி, 2024இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் வந்துவிட்டது. அங்கே கோடிக்கணக்கில் செலவழித்து உப்பை எடுக்கிறார்கள், சாலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூட்டை மூட்டையாகப் போடுகிறோம். ரிசார்ட்டுகளின் குளத்துக்கு வருவது பெரும்பாலும் போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோதான். கடலோர போரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது செல்லின் தகடுகளில் வெள்ளையாகக் கெட்டிப்பட்டுவிடும், குளோரின் உற்பத்தி படுத்துவிடும். அவ்வப்போது செல்லைக் கழற்றி நீர்த்த ஆசிட்டில் கழுவ வேண்டும். கழுவாத இடத்தில் மெஷினில் பச்சை விளக்கு எரியும், குளத்தில் குளோரின் இருக்காது.

நீங்கள் போகிற ஏப்ரல், மே மாதத்தில் வேறொரு பிரச்சினை. வெயில் குளோரினை அழித்துவிடும். ஸ்டெபிலைசர் என்று சொல்கிற சயனூரிக் அமிலம் போதுமான அளவு இல்லாத குளத்தில் உச்சி வெயில் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அந்த நேரத்தில்தான் கூட்டமும் அதிகம். மெஷின் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கணக்காகத் தயாரிக்கும். அறுபது பேருக்குப் போட்ட மெஷினால் சனிக்கிழமை முந்நூறு பேர் இறங்கினால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் ஞாயிறு சாயங்காலக் குளம்தான் இருப்பதிலேயே மோசம். உங்களால் முடிந்தால் வாரநாளில் போங்கள். வார இறுதிதான் என்றால், பம்ப் ராத்திரியெல்லாம் ஓடி முடித்த காலை ஏழு மணிக்கு இறங்குங்கள். தண்ணீர் முதலில் சில்லென்று இருக்கும், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். பிள்ளைகளுக்கு வெயிலும் படாது. மத்தியானம் மூன்று மணிக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் சுற்றியுள்ள கல் கால் வைக்க முடியாமலும் இருக்கும்.

அரையாண்டு லீவில், டிசம்பரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல மழையில் குளம் நிரம்பி வழியும், உப்பும் கூடவே போகும். சராசரி நாலு அடி ஆழக் குளத்தில் 20 செ.மீ. மழை விழுந்து வழிந்தால் 3,500 பி.பி.எம். உப்பு 3,000 ஆகிவிடும். இன்னும் இரண்டு மழை வந்தால் பல மெஷின்கள் 'உப்பு குறைவு' என்று காட்டிவிட்டு நின்றுவிடும். மூட்டை வாங்கிக் கொட்டுகிற முதலாளியும் உண்டு, கொட்டாமல் விடுகிறவரும் உண்டு.

கேரளத்தில் 2024இலும் 2025இலும் மூளையைத் தாக்கும் அமீபாக் காய்ச்சல் செய்தி வந்தபோது, "உப்புத் தண்ணீரில் அது வராதே" என்று பலர் எங்களிடம் கேட்டார்கள். அந்த அமீபா கடலில் வாழாது என்பது சரிதான். ஆனால் நம் குளத்தில் இருக்கிற சொற்ப உப்பை நம்ப முடியாது. அதைக் கொல்வது குளோரின்தான். குளோரின் இருந்தால் பயம் இல்லை, இல்லாவிட்டால் உப்பு மட்டும் காப்பாற்றாது.

அப்படியானால் குளத்தில் குளோரின் இருக்கிறதா என்று நீங்களே எப்படிப் பார்ப்பது? ஆன்லைனில் டெஸ்ட் ஸ்டிரிப் கிடைக்கிறது. பட்டையைத் தண்ணீரில் தோய்த்து எடுத்து டப்பாவில் இருக்கிற நிறத்தோடு ஒத்துப் பாருங்கள்: குளோரின் 1 முதல் 3, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.8. உப்புக் குளத்தில் பி.எச். தானாக மேலே ஏறும் சுபாவம் உடையது. 8ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் சோம்பேறியாகிவிடும், கண்ணும் எரியும். உண்மையிலேயே உப்புக் குளமா என்று தெரிய வேண்டுமானால், ஆர்.ஓ. சர்வீஸ் செய்கிறவர் வைத்திருப்பாரே, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளை பி.பி.எம்.மில் காட்டுகிற டி.டி.எஸ். பேனா, அதை முக்கினால் போதும். 3,000க்கு மேல் காட்டினால் உப்புக் குளம். சில நூறோடு நின்றால் வெறும் விளம்பரம். கருவி எதுவும் இல்லையென்றால் கண்ணே போதும். ஆழமான இடத்தில் அடியில் இருக்கிற சல்லடை மூடியின் ஓட்டைகள் மேலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். பக்கச் சுவர் டைல்ஸைத் தடவினால் கொழகொழவென்று இருக்கக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் பிள்ளைகளை மணலில் விளையாடவிடுங்கள்.

ரிசார்ட் இல்லாமல் தனி வில்லா எடுக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். அங்கே பூல் ஆள் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். நான் போனதும் முதலில் பார்ப்பது அந்தச் சல்லடை மூடியைத்தான். திருகு கழன்றோ உடைந்தோ இருந்தால் பம்ப் இழுக்கிற வேகத்தில் நீளமான பின்னல் அதில் மாட்டிக்கொள்ளும். பெண் பிள்ளைகளுக்கு இதில் உயிரே போயிருக்கிறது. முடியைக் கொண்டையாக்கித் தொப்பிக்குள் அடக்குங்கள். பம்ப் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளத்துக்குள் இருக்கிற விளக்கில் கண்ணாடி விரிசலோ உள்ளே தண்ணீரோ தெரிந்தால், ராத்திரிக் குளியலே வேண்டாம். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட நன்றாக மின்சாரம் கடத்தும்.

நிஜமான கடல் தண்ணீர்க் குளம் வேறு இடங்களில் உண்டு. சிட்னியில் கடற்கரைப் பாறையிலேயே கட்டி, அலை வந்து நிரப்புகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். சொகுசுக் கப்பல்கள் பலவற்றிலும் கடல் தண்ணீரையே ஏற்றுவார்கள். அதில் கண் எரியும், தோல் பிசுபிசுக்கும், ஆனால் கொஞ்சம் மிதக்கலாம். ஆஸ்திரேலியாவில் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் நான் இவ்வளவு நேரம் சொன்ன வகை. உறவினர் வீட்டுக்குப் போனால் தைரியமாக இறங்குங்கள், அங்கே வீட்டுக் குளத்தைச் சுற்றி வேலி போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

உப்புக் குளம் என்பதற்காக மட்டும் ரூமுக்குக் கூடுதல் காசு கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். சாதாரணக் குளத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிற இடம், கவனிப்பில்லாத உப்புக் குளத்தைவிட எனக்கு உசத்தி. ரிசார்ட்டுக்கு மறுபடி போன் செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். பி.எச்.சும் குளோரினும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறீர்கள்? செல்லைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? ரிசப்ஷனில் இருப்பவருக்குப் பதில் தெரியாது, அது பரவாயில்லை. "மெயின்டனன்ஸ் ஆளைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே கூப்பிட்டுச் சொன்னால் அங்கேயே புக் செய்யுங்கள். "அதெல்லாம் ஆட்டோமேட்டிக் மேடம்" என்றால் இன்னொரு இடத்தை விசாரியுங்கள்.